35 பிரதிகளில் ஒன்றா, நகலின் நகலா?

நண்பர்களே, அவசரமா ஒரு உதவி. 1978-ல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகமான டிசி காமிக்ஸ் ஒரே மூச்சில் ஏகப்பட்ட தொடர்களை நிறுத்தியபோது, வரைந்து முடித்தும் அச்சுக்குப் போகாத இதழ்களை 'கேன்சல்டு காமிக் கேவல்கேட்' என்று இரண்டு தொகுதிகளாக ஆபீஸிலேயே ஜெராக்ஸ் போட்டார்கள் இல்லையா, மொத்தமே 35 பிரதி, காப்புரிமைக்காகவும் அதில் வேலை செய்தவர்களுக்குக் கொடுக்கவும். அதில் இரண்டாம் தொகுதி 'ஒரிஜினல்' என்று ஒருவர் எனக்கு விற்கப் பார்க்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

போட்டோ அனுப்பினார். அதில் இருக்கும், 'விக்சன்' என்ற சூப்பர் ஹீரோயின் தொடரின் முதல் இதழின் பக்கங்களில் கறுப்பு திட்டுத்திட்டாக அப்பியிருக்கிறது, பேச்சுக் குமிழிகளில் எழுத்து பாதி காணோம், ஓரத்தில் வேறொரு தாளின் விளிம்பு நிழலாக விழுந்திருக்கிறது. நகலின் நகல் என்றுதான் எனக்குச் சந்தேகம். அந்தக் கால மெஷினே அப்படித்தான் என்கிறார் அவர்!

அசலை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தாள், பைண்டிங் எப்படி இருக்கும்? அதே தொகுதியில் உள்ள 'ஷேட்' தொடரின் 9-ஆம் இதழ், அதை வரைந்த ஓவியர் ஸ்டீவ் டிட்கோவின் படைப்புத் தொகுப்பில் பிற்பாடு வந்துவிட்டது, அதனால் அது பிரச்சினை இல்லை. எனக்கு வேண்டியது விக்சன்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்லணும்.