நகராட்சித் தலைவரின் கார் செலவைக் கேட்டால் 'தனிப்பட்ட தகவல்' என்கிறார்கள்: மேல்முறையீடா, புது மனுவா?

வார்டுவாசி:
வணக்கம். தகவல் உரிமைச் சட்டத்தில் நான் போட்ட முதல் மனு இது. தவறு என் பக்கமும் இருக்கலாம்.

எங்கள் தெருவில் விளக்குக் கம்பம் கேட்டால் நகராட்சியில் நிதி இல்லை என்கிறார்கள். தலைவரின் கார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டப வாசலில் நிற்கிறது. சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று நான்கு கேள்விகள் எழுதினேன்.
1. தலைவர் காருக்கு மாதம் எவ்வளவு டீசல் போடுகிறீர்கள், அது நியாயமா?
2. கவுன்சிலர்கள் ஒவ்வொருவரும் இதுவரை வாங்கிய பணம் எவ்வளவு?
3. போன வருடம் கவுன்சிலர்கள் ஏன் வெளிமாநிலச் சுற்றுலா போனார்கள்?
4. ஐந்து வருடமாகக் கூட்டங்களுக்கு ஆன டீ, சாப்பாட்டுச் செலவு மொத்தம் எவ்வளவு?

முதல் இரண்டுக்கும் '8(1)(ஜெ) பிரிவின்படி தனிப்பட்ட தகவல், வழங்க இயலாது' என்று பதில். மூன்றாவது 'வினா வடிவில் உள்ளது'. நான்காவது 'தொகுக்கப்பட்ட நிலையில் பராமரிக்கப்படவில்லை'. கடிதம் கைக்கு வந்து 18 நாள் ஆகிறது. இனி என்ன செய்வது? இங்கே பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலருக்கு மாதம் 50,000 சம்பளம் என்று அடித்துச் சொல்கிறார். அது உண்மையா?

மஞ்சப்பை:
கேட்டு என்ன ஆகப்போகிறது? மேலிருந்து கீழ் வரை எல்லாம் ஒரே கூட்டு.

பழைய பேரேடு:
தம்பி, நகராட்சிக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதில்களைத் தட்டச்சு செய்யும் மேஜை எனக்குப் பழக்கம், அதனால் சொல்கிறேன். உங்கள் மனுவில் பாதியை நீங்களே அவர்கள் கையில் கொடுத்துவிட்டீர்கள். 'நியாயமா', 'ஏன்' என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததுமே பதில் எழுதுபவருக்கு வேலை முடிந்துவிடும். இந்தச் சட்டம் ஆவணத்தைத் தரச் சொல்கிறது, விளக்கத்தை அல்ல. இல்லாத பட்டியலைப் புதிதாகத் தொகுத்துத் தரவேண்டிய கட்டாயம் இல்லை என்று 2011இல் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உங்கள் நான்காவது கேள்வி அங்கேதான் மாட்டிக்கொண்டது.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கை முடித்துவிடலாம். 2023 ஜூலை முதல் தமிழ்நாட்டில் நகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய். துணைத் தலைவருக்கு 10,000, தலைவருக்கு 15,000. மாநகராட்சியில் கவுன்சிலருக்கு 10,000, மேயருக்கு 30,000. பேரூராட்சிக் கவுன்சிலருக்கு 2,500தான். பணம் போவது அந்த வழியில் இல்லை. வாகனம், பயணம், விழாப் பந்தல், சால்வை, போட்டோ, இந்தத் தலைப்புகளில் பாருங்கள்.

கார் விஷயத்தில் உங்கள் பிடி பலமானது. நகராட்சி வண்டிக்கு லாக் புக் உண்டு. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், போட்ட எரிபொருள் எல்லாம் அதில் எழுதவேண்டும். அது அலுவலகப் பதிவேடு. யாருடைய அந்தரங்கமும் அதில் இல்லை. இப்படி எழுதுங்கள்: "1.4.2024 முதல் 31.3.2025 வரை நகர்மன்றத் தலைவரின் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட வாகனத்தின் லாக் புக் பக்கங்களின் நகலும், அதே காலத்தின் எரிபொருள் பட்டியல்களின் நகலும் வழங்குக." இவ்வளவு போதும். ஒரு அடைமொழிகூட வேண்டாம்.

சுற்றுலா என்று எழுதினால் 'அப்படி எதுவும் இல்லை' என்றுதான் பதில் வரும், அது பொய்யும் ஆகாது. கோப்பில் அதன் பெயர் 'கல்விச் சுற்றுப்பயணம்' அல்லது 'பயிற்சி' என்றிருக்கும். அதற்கான மன்றத் தீர்மானத்தைக் கேளுங்கள். போய்வந்த பிறகு 'பின்னேற்பு' வாங்கியிருந்தால் அதுவும் தீர்மானப் புத்தகத்தில் இருக்கும். எனக்குப் பிடித்த சொல் அது. செலவு முடிந்த பிறகு பிறக்கும் அனுமதி.

தராசு:
பழைய பேரேடு ஐயா சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 8(1)(ஜெ) முன்பு போல இல்லை. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தகவலுக்கு மட்டும் விலக்கு, பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம் என்ற வரம்புகள் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) அவற்றை நீக்கிவிட்டது, 2025 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. 'தனிப்பட்ட தகவல்' என்று ஒரு வரியில் முடிப்பது அதற்குப் பிறகு இன்னும் சுலபமாகிவிட்டது.

ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது. காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம். மேல்முறையீட்டில் அந்தப் பிரிவு எண்ணை எழுதாமல் விடாதீர்கள். பிரிவு 10ஐயும் சேருங்கள். வங்கிக் கணக்கு எண் போன்றவை இருந்தால் அவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரச்சொல்லும் பிரிவு அது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: இரண்டையும் செய்யுங்கள். 1, 2க்கு முதல் மேல்முறையீடு. பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம், உங்களுக்கு 12 நாள் பாக்கி. கட்டணம் கிடையாது. 3, 4க்குப் புது மனு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி. மேல்முறையீட்டிலும் கைவிரித்தால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வரிசை நீளம் என்பதையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேரேடு:
நான்காவதை நகலாகக் கேட்காதீர்கள் தம்பி. ஐந்து வருட வவுச்சர், பக்கத்துக்கு 2 ரூபாய் என்று தீட்டிவிடுவார்கள். 2(ஜெ) பிரிவில் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம், குறிப்பும் எடுக்கலாம். ஒரே ஒரு நிதியாண்டு போதும். அதே ஆண்டுக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை கொடுத்த தணிக்கை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். நீங்கள் தேடும் ஓட்டையைத் தணிக்கையாளர் ஏற்கெனவே பார்த்து, எண் போட்டு எழுதி வைத்திருக்கலாம்.

தேன்மொழி:
ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊரில் என் கணவர் மனு போட்ட மூன்றாம் நாள் கவுன்சிலர் வீட்டுக்கே வந்து, "என்னிடம் கேட்டிருக்கலாமே அண்ணி" என்று காபி குடித்துவிட்டுப் போனார். மிரட்டல் ஒன்றும் இல்லை, ஆனாலும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் கேட்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, 6(2) பிரிவே அப்படித்தான் சொல்கிறது. மனுவை நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

மஞ்சப்பை:
பதிவுத் தபால்தான் நல்லது.

தராசு:
அதைத் தனியாக இப்போது அனுப்ப முடியாது. 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். (எல்லாம் ஒரே கூட்டு என்றவர் தபால் யோசனை சொல்கிறாரே, சந்தோஷம்.)

வார்டுவாசி:
ஏழு வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. மேல்முறையீட்டு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். 8(2) என்று சொன்னதும் அதிகாரி கோப்பை ஒரு தடவை புரட்டிவிட்டு, லாக் புக்கைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். கவுன்சிலர்களின் மதிப்பூதியப் பட்டியலும் வந்தது, பேரேடு ஐயா சொன்ன தொகையேதான். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் நம்பவில்லை.

டீச் செலவை நேரில் பார்த்தேன். வெட்கமாகிவிட்டது, ஒன்றுமே இல்லை, வடையும் டீயும்தான். ஆனால் லாக் புக்கில் மூன்று மாதப் பக்கங்களில் கிலோமீட்டர் கட்டம் காலி. போன இடம் எல்லா நாளும் 'வார்டு ஆய்வு'. டீசல் பட்டியல் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. இதற்கு இன்னொரு தகவல் மனு போடவேண்டுமா?

பழைய பேரேடு:
வேண்டாம். இனி இது தகவல் இல்லை, புகார். அந்தப் பக்கங்களையும் டீசல் பட்டியலையும் நகலெடுத்து, உள்ளாட்சி நிதித் தணிக்கை அலுவலகத்துக்கும் நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள். கல்யாண மண்டபத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். காலிக் கட்டத்தை மட்டும் காட்டுங்கள். தணிக்கை அறிக்கை வந்ததா?

வார்டுவாசி:
இல்லை ஐயா. அந்த மனுவுக்குப் பதில் தரவேண்டிய 30 நாள் அடுத்த வாரம் முடிகிறது.