விசிறி வேகம் ஏறினால் மீட்டர் பதில் தராது: 485 லைனில் இரைச்சலைத் தேடிய அனுபவங்கள்

பல்லடத்திலிருந்து, மில் மின் பராமரிப்பு:

பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் எனர்ஜி மீட்டர்கள் அனைத்தையும் ஒரே ஆர்எஸ்-485 லைனில் (பல கருவிகள் ஒரே ஜோடி டேட்டா வயரில் பேசிக்கொள்ளும் இணைப்பு) கோத்து, கணினி கேட்க மீட்டர் பதில் சொல்லும் மாட்பஸ் முறையில் 9600 பாட் (செகண்டுக்கு 9600 பிட்) வேகத்தில் கணினிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கோடையில் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் விசிறி டிரைவ்கள் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவிகள்) முழு வேகத்துக்கு ஏறும்போதெல்லாம் லைனின் கடைசியில் இருந்த மீட்டர்கள் பதில் தராமல் நின்றுவிடும். தப்பித்தவறி வரும் பதில்களிலும் சிஆர்சி பிழை (செய்தி வழியில் கெட்டதைக் காட்டும் சரிபார்ப்புப் பிழை) இருக்கும். இரவில் விசிறி தணிந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். மீட்டர்களை மாற்றிப் பார்த்தும் பலனில்லை என்ற நிலையில்தான் என்னை அழைத்தார்கள்.

நான் போவதற்குள் பாட் ரேட்டை 1200க்குக் குறைத்திருந்தார்கள். வேகத்தைக் குறைத்தால் இரைச்சல் ஒட்டாது என்ற நம்பிக்கை நம் பகுதி மில்களில் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் உண்மை. நீண்ட கேபிளில் சிக்னல் முனையில் பட்டுத் திரும்புவதால் வரும் தொல்லையும், மிகக் குறுகிய ஊசித்துடிப்புகளின் தொல்லையும் வேகம் குறைந்தால் தணியும். ஆனால் எட்டு பைட் கேள்வி ஒன்று 9600இல் சுமார் 9 மில்லி செகண்டில் போய்ச் சேர்ந்துவிடும், 1200இல் 73 மில்லி செகண்ட் ஆகும். அவ்வளவு நேரத்தில் ஒரு பிட் கெட்டாலும் முழுச் செய்தியும் வீண். ரிசீவரின் தாங்கும் எல்லையையே மீறும் மின்னழுத்தம் வந்தாலோ, எந்தப் பாட் ரேட்டும் அதைத் தடுக்காது.

ஆகவே முதலில் மல்டிமீட்டரை எடுத்தேன். எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு இரண்டு டேட்டா வயர்களுக்கும் நடுவே அளந்தால், இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் டெர்மினேஷன்கள் (சிக்னல் முனையில் பட்டுத் திரும்பாமல் தடுக்கும் ரெசிஸ்டர்கள்) சேர்ந்து 60 ஓமுக்குக் கிட்டத்தட்டக் காட்ட வேண்டும். அங்கே 40 காட்டியது. நடுவில் இருந்த ஒரு மீட்டரின் பின்புறம், பஞ்சுத் தூசி மூடிய சிறு சுவிட்ச் ஒன்று ஆன் நிலையில் இருந்து மூன்றாவது டெர்மினேஷனைச் சேர்த்திருந்தது. கேள்வி கேட்கும் மாஸ்டர் பக்கம் 5 வோல்ட்டில், லைன் சும்மா இருக்கும்போது அதை ஒரே நிலையில் நிறுத்திவைக்கும் 560 ஓம் பயாஸ் ரெசிஸ்டர்கள் இரண்டு இருந்தன. யாரும் பேசாத நேரத்தில் லைனில் கால் வோல்ட் நிற்க வேண்டியது, அந்த ஒரு சுவிட்சினால் 170 மில்லி வோல்ட்டாகச் சரிந்திருந்தது. 200 மில்லி வோல்ட்டுக்குக் கீழே ரிசீவர் அதை ஒன்று என்று எடுத்துக்கொள்ளுமா, பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளுமா என்பதற்கு ஸ்டாண்டர்டு உத்தரவாதம் தருவதில்லை. சுவிட்சை அணைத்ததும் பிழைகள் பெருமளவு குறைந்தன, ஆனால் நிற்கவில்லை.

மீதிக் காரணம் எர்த்தில் இருந்தது. 485 லைனுக்கு இரண்டு வயர் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ரிசீவர் தன்னுடைய காமன் புள்ளியிலிருந்து, அதாவது தன் பூஜ்ய வோல்ட் புள்ளியிலிருந்து, பார்க்கும்போது டேட்டா வயர்கள் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைக்குள் இருக்க வேண்டும் என்பது ஸ்டாண்டர்டு. அந்தக் கடைசி மீட்டர்களின் காமன் டெர்மினல் எதனுடனும் இணைக்கப்படாமல் கிடந்தது. விசிறி முழு வேகத்தில் ஓடும்போது ஸ்கோப் (மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) வைத்துப் பார்த்ததில், டிரைவின் ஸ்விட்சிங் தாளத்திலேயே அந்த எல்லையைத் தாண்டிய ஊசிகள் தெரிந்தன. ஷீல்டு (வயர்களைச் சுற்றிய உலோக உறை) இல்லாத மோட்டார் கேபிளிலிருந்து எர்த்துக்குக் கசியும் உயர் அலைவெண் மின்னோட்டம் கட்டடத்தின் எர்த் பட்டைகள் வழியாகத் திரும்பும்போது, ஒவ்வொரு பேனலின் எர்த்தும் ஒவ்வொரு அளவில் துள்ளுகிறது. சாதாரண மல்டிமீட்டரில் இது சரியாகத் தெரியாது.

கேபிளில் சும்மா இருந்த இரண்டாவது ஜோடியைக் கொண்டு, 100 ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக எல்லாக் காமன்களையும் சேர்த்தோம். மோட்டார் கேபிள்களை ஷீல்டு உள்ளவையாக மாற்றி, ஷீல்டின் சுற்றளவு முழுவதையும் கவ்வும் கிளாம்ப் போட்டு இரு முனையிலும் எர்த் செய்தோம். ஷீல்டை முறுக்கி வால் மாதிரி நீட்டி ஒரு ஸ்க்ரூவில் மாட்டினால் அந்த அலைவெண்ணில் பெரிய பயன் இருக்காது. எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கு இதை நேரில் காட்டிப் புரியவைப்பது அவசியம். டேட்டா கேபிளைத் தனி ட்ரேக்கு மாற்றி, பவர் கேபிளைக் கடக்கும் இடங்களில் செங்குத்தாகக் கடக்க விட்டோம். இப்போது அந்த லைன் 9600இலேயே ஓடுகிறது.

திருப்பூரிலிருந்து, சாயப்பட்டறை ஆட்டோமேஷன்:

பல்லடத்து அண்ணனுக்கு வணக்கம். எங்கள் பட்டறையில் டிரைவ் காரணமில்லை. கணினியில் பதிவான பிழை நேரங்களையும் ஸ்டீம் வால்வு இயங்கிய நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வால்வு மூடும் ஒவ்வொரு முறையும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒரு பதிலைத் தவறவிட்டது தெரிந்தது. வால்வை இயக்கும் 230 வோல்ட் ஏசி காயில்களுக்கு 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்த ஸ்னப்பர் (காயில் அணையும்போது எழும் மின்னழுத்த ஊசியை அடக்கும் சுற்று) போட்டோம். அதை ரிலே பக்கம் அல்லாமல் காயிலின் மேலேயே போட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஓடும் வயர் முழுவதும் ஆன்டெனா ஆகிவிடும். 24 வோல்ட் டிசி காயில்களுக்குத் தலைகீழாக ஒரு டையோடு போதும். உப்பும் நீராவியும் படியும் இடம் என்பதால், ஜங்ஷன் பாக்ஸில் பச்சை பூத்த டெர்மினல்களையும் அப்போதே மாற்றிவிட்டோம்.

நாமக்கல்லிலிருந்து, கோழிப்பண்ணைக் கருவிகள்:

நான் பார்த்தது ஐ2சி பஸ். ஒரே போர்டுக்குள் சில்லுகள் பேசிக்கொள்வதற்காக வந்த முறையை, ஷெட்டின் நீளத்துக்கு வயர் இழுத்து ஈரப்பத சென்சார்களுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தப் பஸ்ஸின் கெபாசிடன்ஸ் (வயர்கள் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) 400 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும். நெட்வொர்க் கேபிளோ மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபாரட் சேர்ப்பதால், எட்டு மீட்டரிலேயே எல்லை முடிந்துவிடும். எக்ஸாஸ்ட் விசிறி ஆன் ஆகும்போது, பிட்களுக்குத் தாளம் தரும் ஒரு கிளாக் துடிப்பு குழம்பினால், சென்சார் டேட்டா வயரைக் கீழே இழுத்துப் பிடித்தபடி நின்றுவிடும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் விடும். கன்ட்ரோலரின் புரோகிராமில், டேட்டா வயர் விடுபடும் வரை ஒன்பது கிளாக் துடிப்புகள் அனுப்பிவிட்டு ஸ்டாப் கொடுக்கும் பகுதியைச் சேர்த்ததில் பஸ் தானாக எழுந்துகொண்டது. ஆனாலும் வெயில் காலத்தில் ஃபாகர் (நீர்த்தூறல் தெளித்துக் குளிர்விக்கும் கருவி) சரியான நேரத்தில் ஓடாவிட்டால் கோழிகள் செத்துவிடும் என்பதால், ஷெட்டுக்குள் சென்சார்களையே 485 வகைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.