புதுப்பிப்பு: புது மோட்டார்ஹோமில் (வீடு மாதிரி வசதியுள்ள வண்டி) ஒருவழியாகச் சுடுதண்ணீர் வந்துவிட்டது

ஹீட்டர் கேஸில் நன்றாகப் பற்றுகிறது, 6 கேலன் தொட்டியும் சுடுகிறது, ஆனால் குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொன்னார்கள் வண்டியை விற்றவர்கள். கோளாறு அங்கே இல்லை!

கட்டிலுக்கு அடியில் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மூன்று வால்வுகளில் நடுவில் உள்ள பைபாஸ் வால்வு, அதாவது தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் நேராகக் குழாய்க்கு அனுப்பும் வால்வு, பாதி திறந்து கிடந்தது. குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்க இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஏற்றும்போது, அது தொட்டிக்குள் போகாமலிருக்க இதைத் திறப்பார்கள். அப்புறம் முழுதாக மூடாமல் விட்டிருக்கிறார்கள், அதனால் சூடாகாத தண்ணீர் நேராகச் சுடுதண்ணீரில் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினேன், அவ்வளவுதான், கை வைக்க முடியாத சூடு.

வண்டிக்கு வெளியே இருக்கும் ஷவரின் சுடுதண்ணீர், குளிர்தண்ணீர்த் திருகுகள் இரண்டும் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது வழியாகவும் கலக்கும். தொட்டி நிரம்பாமல் மட்டும் ஹீட்டரைக் கரண்டில் ஓட்டும் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள், உள்ளே சூடேற்றும் எலிமென்ட் உடனே கருகிவிடும்.