ஜனவரியில் தொடங்கிய வேத வாசிப்பு பிப்ரவரியில் ஏன் நிற்கிறது?

மஞ்சக்குப்பம்வாசி:
புத்தாண்டு ஆராதனை முடிஞ்சதும் கையில் கொடுக்கிற "ஒரு வருடத்தில் முழு வேதம்" அட்டவணையை நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. பைபிளில் மொத்தம் 1189 அதிகாரம். தினம் 3, ஞாயிறு 5 என்று வைத்தால் வாரத்துக்கு 23. முதல் ரெண்டு புத்தகமான ஆதியாகமமும் யாத்திராகமமும் சேர்ந்து 90, நாலு வாரத்தில் முடியும். ஜனவரி கடைசியில் பலி, சடங்குச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் வரும், படகு அங்கே தரைதட்டும். தட்டாமல் போகிறவருக்கும் பழைய ஏற்பாடு 929 அதிகாரம் இருக்கு, புதிய ஏற்பாட்டின் முதல் சுவிசேஷமான மத்தேயுவைத் தொட அக்டோபர் ஆகிவிடும். ஒன்பது மாசம் சுவிசேஷத்தைத் திறக்காமல் கிறிஸ்துவின் குணம் எங்கிருந்து வரும்?

தேவனாம்பட்டினம் அலை:
லேவியராகமத்து மேல பழி போடாதீங்க பிரதர். ஆளை நிறுத்துவது பாக்கி. நாலு நாள் விட்டால் 12 அதிகாரம், அஞ்சாம் நாளோடு 15. வேலைக்குப் போகிறவர் அதைப் பார்த்ததுமே புத்தகத்தை மூடிடுவார். விட்டதை விட்டுட்டு இன்றைய தேதியில் ஏறிக்கணும். புதுசா ஆரம்பிக்கிறவருக்குப் புதிய ஏற்பாடு மட்டும் போதும்: 260 அதிகாரம், வாரம் 5, சரியா 52 வாரம். சனி, ஞாயிறு விட்டதுக்கு.

நெல்லித்தோப்பு அக்கா:
எங்க கத்தோலிக்க பைபிளில் 73 புத்தகம், உங்க 1189 எங்களுக்கு ஒத்துவராது. அது கிடக்கட்டும். அதிகாரத்தை எண்ணுறீங்களே, ராத்திரி யாராவது அன்றைய நாளை எண்ணுறீங்களா? இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் சொன்ன தனி ஆத்தும சோதனையில் ஒரே ஒரு குற்றத்தைத்தான் எடுத்துக்கணும். காலையில் எழுந்ததும் தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி. ராத்திரி அடுத்த வரியில் புள்ளி, ரெண்டு வரியையும் ஒப்பிடணும். நிறைய பேர் "கோபப்பட மாட்டேன்"னு எழுதிக் கோட்டை விடுறாங்க. அதை எப்படி எண்ணுவது? "மீன்காரம்மாகிட்ட பத்து ரூபாய்க்குக் குரல் உயர்த்துவது"ன்னு எழுதினா எண்ணலாம்.

மஞ்சக்குப்பம்வாசி:
புள்ளி வைத்தா பரிசுத்தம் வரும் அக்கா? கலாத்தியர் 5:22-ல் ஆவியின் "கனி" என்பது ஒருமை. அன்பு, சந்தோஷம் என்று அங்கே வருகிற ஒன்பது குணமும் சேர்ந்தது ஒரே கனி. அது ஆவியானவர் வேலை, நம்ம கணக்குப்பிள்ளை வேலை இல்லை.

நெல்லித்தோப்பு அக்கா:
அதனாலதான் தம்பி, இஞ்ஞாசியாரோட இன்னொரு முறையான பொதுச் சோதனையில், ராத்திரி அன்றைய நாள் முழுசையும் திருப்பிப் பார்ப்பது மூணாவதா வருது. முதலில் நன்றி, ரெண்டாவது குற்றத்தை அறிய வரம் கேட்பது. அப்புறம் மன்னிப்பு, கடைசியில் தீர்மானம். முதல் ரெண்டையும் தாண்டி நேரா மூணாவதுக்குப் போகிறவர்தான் ஒண்ணு மனசு உடைஞ்சு போவார், இல்லே பெருமை பிடிச்சுப் போவார்.

தேவனாம்பட்டினம் அலை:
சீர்திருத்த சபையைத் தொடங்கின மார்ட்டின் லூத்தரும் 1535-ல் தன் முடிதிருத்துபவருக்கு ஜெபிக்கும் முறை எழுதினப்ப, பத்துக் கட்டளையில் ஒவ்வொன்றையும் நாலு இழையாத் திரிக்கச் சொன்னார்: கற்றல், நன்றி, பாவ அறிக்கை, வேண்டுதல். அங்கேயும் அறிக்கைக்கு முன்னாடி நன்றிதான். இன்னொன்று, பிரதர் காட்டின அதே வசனத்தில் "விசுவாசம்"னு இருப்பது கிரேக்கத்தில் பிஸ்டிஸ். ரோமர் 3:3-ல் தேவனைப் பற்றி அதே சொல் வரும்போது நம்ம பழைய மொழிபெயர்ப்பு "உண்மை"னு போடுது. தீத்து 2:10-ல் திருடாமல் இருப்பதோடு சேர்த்து "நல்லுண்மை". அப்படின்னா சீட்டுப் பணத்தை 5-ம் தேதி தர்றேன்னு சொல்லி, 8-ம் தேதி "கர்த்தர் நடத்துவார்"னு கைவிரிப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். அதை எண்ணலாமே?

மஞ்சக்குப்பம்வாசி:
அந்தச் சொல் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா புள்ளி நோட்டு எனக்கு உடன்பாடு இல்லை. மாற்கு 16 அதிகாரம், தினம் ஒண்ணு, 16 நாள். படிச்சதில் அன்றைக்கு ஒரு காரியத்துக்குக் கீழ்ப்படியணும், அவ்வளவுதான். நோட்டே வேண்டாம்.

நெல்லித்தோப்பு அக்கா:
பதினோராம் நாள் எத்தனாவது அதிகாரத்தில் இருக்கோம்னு எதில் பார்ப்பீங்க தம்பி?