துறவிகளுக்குச் சோறு போட்டது யார்?

கேள்வி (தேர்வர்_91):
போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். வேள்விச் செலவும் வருண வேற்றுமையும் பிடிக்காத மக்கள் புத்தரிடமும் மகாவீரரிடமும் போனார்கள் என்று கையேட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சரி, உழாமல் விதைக்காமல் இருந்த அத்தனை துறவிகளையும் தாங்கியது யார்?

பதில் (கல்லும்_எழுத்தும்):
இதற்கு விடை கல்லிலேயே இருக்கிறது. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பார்குத் என்ற ஊரின் பௌத்தத் தூபியைச் சுற்றியிருந்த கல்வேலியை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வட்டச் சிற்பத்தின் முன்னால் ஒரு மதியம் முழுக்க நின்றிருக்கிறேன். அவிழ்த்துவிட்ட மாட்டுவண்டி. தரையில் சதுர நாணயங்களைப் பாய் விரித்த மாதிரி அடுக்குகிறார்கள். நடுவில் சிராவஸ்தி வணிகர் அனாதபிண்டிகர், கையில் கெண்டியோடு, தாரை வார்த்துக் கொடுக்க நிற்கிறார். கோடிகளைப் பரப்பி வாங்கிய ஜேதவனம் என்ற சோலையை அவர் புத்தரின் சங்கத்துக்குக் கொடுக்கிறார்; பிராமி எழுத்தில் பெயர்ப்பொறிப்பும் உண்டு. சிற்பம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, புத்தருக்கு வெகுகாலம் பின்னால். ஆனாலும் யாருடைய காசில் விகாரை, அதாவது துறவிகளின் மடம், எழுந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

முத்திரை குத்திய வெள்ளிக்காசு புத்தர் காலத்தில் புதிது. காசு கையில் இருந்தும் வருண வரிசையில் வணிகனுக்கு மூன்றாம் இடம்தான். புத்தரோ சிகாலன் என்ற இல்லறத்தானிடம் வருவாயை நாலாகப் பிரி, ஒன்று செலவுக்கு, இரண்டு தொழிலுக்கு, நாலாவது ஆபத்துக்கு என்கிறார். பிழைப்பை மதித்துப் பேசிய துறவியை வணிகன் விடுவானா?

வேள்வி விஷயமும் பொய்யில்லை. கூடதந்த சூத்திரம் என்ற பௌத்த நூலில் மகத நாட்டு அந்தணர் ஒருவர் பலிக்காக 700 காளைகளைக் கட்டி வைத்திருக்கிறார். ஏர் பூட்டுகிறவன் கண்ணால் அதைப் பாருங்கள், வயிறு எரியும்.

பதில் (வைகைக்கரை):
சமணத்திலும் இதே கதைதான். வைசாலி பக்கத்து ஆனந்தன் என்ற இல்லறத்தானிடம் வட்டிக்கு விட்ட பொன் மட்டும் 4 கோடி, ஏர் 500 என்று சமண ஆகமம் சொல்கிறது. மகாவீரர் அவரைத் துறக்கச் சொல்லவில்லை. இதற்கு மேல் சேர்க்க மாட்டேன் என்ற விரதம் போதும் என்று ஏற்றுக்கொண்டார். எங்கள் மதுரைப் பக்கம் மாங்குளம் குன்றுக் குகைகளிலும் கணிநந்தன் என்ற சமணத் துறவிக்கான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உறைவிடம் அமைத்துக் கொடுத்தவர்களில் வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தாரும் உண்டு. நிகமம் என்றால் வணிகர் குழு.

தேர்வர்_91:
மாங்குளம் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கிறேன். அந்த நிகமத்தார் வரி எந்தக் குகையில், வாசலுக்கு மேலேயா உள்ளேயா?