மறு: ‘இந்தியா பேல் ஏல்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

வேலூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். இளங்கலை வரலாற்று மாணவர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகம் பற்றிய பாடத்தை எழுதி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். ‘இந்தியா பேல் ஏல்’ என்னும் பீர் வகையை ‘இந்திய வெளிர் பீர்’ என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டியபோது, அது இந்தியாவில் வடிக்கப்பட்டது என்றே அனைவரும் பொருள் கொண்டனர். உண்மையில், கிழக்கு இலண்டனில் ‘போ’ என்னுமிடத்தில் ஹாட்ஜ்சன் என்னும் பீர் உற்பத்தியாளர் வடித்ததை, அருகிலிருந்த துறையில் நின்ற கம்பெனிக் கப்பல்களின் தலைவர்கள் நீண்ட தவணைக் கடனில் வாங்கி வந்து இங்கே விற்றார்கள். 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துப் பீர் உற்பத்தியாளர் ஆல்சாப், சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த உப்பு மிகுந்த அவ்வூர்க் கிணற்று நீரின் துணையோடு அதே சந்தையில் நுழைந்தார். இதை உணர்த்தும் சொல் வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து:

பிழை தொகையை விரிப்பதில் இருக்கிறது. ‘இந்திய’ என்பதை மாணவர்கள் ஐந்தாம் வேற்றுமையாகவோ ஆறாம் வேற்றுமையாகவோ விரிக்கிறார்கள். ‘கூலிவேலை’யைக் கூலிக்கு வேலை என விரிப்பதுபோல இங்கே நான்காம் வேற்றுமை வேண்டும். பானத்துக்கோ நம்மிடம் ‘தேறல்’ இருக்கிறது. தேறுதல் என்றால் தெளிதல். போர்ட்டர் என்னும் கருநிறப் பீருக்கு எதிரே தெளிந்து வெளிறிய பானத்துக்கு இது மிகவும் பொருந்தும். கடல் கடந்து வந்த மதுவையும் நம் முன்னோர் இச்சொல்லாலேயே குறித்தனர். புறநானூறு 56இல் நக்கீரர் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார். பழைய உரைகாரர் ‘கலம்’ என்பதற்குக் குப்பி என்று பொருள் கொள்கிறார்; மரக்கலம் என்று கொள்ளவும் இடமுண்டு. இரண்டும் நமக்கு உதவும். ஆகவே ‘கலத்தேறல்’ என்பதை முன்மொழிகிறேன்.

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, யவனர் தந்தது திராட்சை மது என்றே கருதப்படுகிறது. ஏல் முளைகட்டிய பார்லியில் வடிப்பது. சங்கச் சொல்தான் வேண்டுமென்றால், அரிசியில் வடித்ததாக உரைகள் கூறும், பெரும்பாணாற்றுப்படையின் ‘தோப்பி’ இன்னும் நெருக்கமானது. எனினும் அதை என் மாணவர் ஒருவரும் அறியார். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. போர்ட்டரும் இதே கப்பல்களில் ஐரோப்பியப் படைவீரர்களுக்காகப் பெருமளவில் வந்தது; கலத்தில் வந்ததாலேயே ஒன்றைப் பிரித்தறிய முடியாது. வெளிர் ஏலில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்காய்களைக் கூடுதலாகச் சேர்த்ததால், நிலநடுக்கோட்டை இருமுறை கடக்கும் மாதக்கணக்கான பயணத்தை அது கெடாமல் தாங்கியது. மேலும், 1829இலேயே சிட்னி இதழில் ‘கிழக்கிந்திய வெளிர் ஏல்’ என்று விளம்பரம் வந்திருக்கிறது. அங்கே குடித்தவருக்கு இந்தியா அந்தப் பானம் பிறந்த இடமும் அன்று, அது சேரும் இடமும் அன்று. ஒரு சந்தையின் பெயர் சரக்கின் பெயராகிவிட்டது. எனவே ‘இந்தியச் சந்தை வெளிர் ஏல்’ என்பதே என் பரிந்துரை.

வேலூரிலிருந்து:

மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் இதற்கு இசைந்திருப்பதால், பாடத்தில் ‘இந்தியச் சந்தை வெளிர் ஏல்’ என்றே இடுகிறேன். ‘கலத்தேறல்’ அடிக்குறிப்பில் இடம்பெறும்.

ஆற்காட்டிலிருந்து:

அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் ‘இயல்வது கரவேல்’ என்று படித்து வளர்ந்த பிள்ளைக்கு ‘ஏல்’ எதிர்மறை ஏவலின் விகுதி. அதைத் தனியே ஒரு பானத்தின் பெயராக நிறுத்துவதற்கு நான் உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.