பால் பல் விழல, பின்னாடி புதுப்பல் வந்தாச்சு – பிடுங்கணுமா?

வணக்கம். நாங்க கோத்தகிரி பக்கம். மகளுக்கு ஆறு முடிஞ்சு ஏழு நடக்குது. கீழ்வரிசை முன்பல் ரெண்டுக்கும் பின்னாடி, நாக்குப் பக்கமா, நிரந்தரப் பல் எட்டிப் பார்க்குது. பால் பல்லுல ஒண்ணு நல்லா ஆடுது. இன்னொண்ணு அசையவே இல்ல.

இந்த வயசுல இது சகஜம்தான். பால் பல்லோட வேர் கரைஞ்சு தானா விழும், அப்புறம் நாக்கு தள்ளித் தள்ளியே புதுப்பல் முன்னால வந்துரும்னு தெரியும். அதனால ஆடுற பல்லைப் பத்திக் கவலையில்ல. கேரட்டைக் கடிச்சுத் தின்னச் சொல்லியிருக்கேன் (நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்!). ஆடாத பல்தான் யோசனை. மாமியார் நூல் கட்டி இழுத்துரலாம்ங்கிறாங்க. ஆடாத பல்லை இழுத்தா வேர் ஒடிஞ்சு உள்ளேயே நின்னுரலாம், நான் விடமாட்டேன்.

உங்க பிள்ளைங்களுக்கு இப்படி இருந்துச்சுன்னா எவ்வளவு நாள் பொறுத்துப் பார்த்தீங்க? எக்ஸ்ரே எடுத்தாங்களா? பிடுங்கினப்போ ஊசி போட்டாங்களா, மரத்துப்போற ஜெல் தடவினதே போதுமா இருந்துச்சா? பிள்ளைங்களைப் பொறுமையா பார்க்கிற பல் டாக்டர் குன்னூர்லயோ ஊட்டியிலயோ இருந்தா சொல்லுங்க. மேட்டுப்பாளையம் இறங்கணும்னா பாதி மலையிலேயே இவளுக்கு வாந்தி வந்துரும்.